விசில் விழுங்கிய மாத்திரை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. விசில் என்றால்தான் தெரியும். வார நாட்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். வாரக் கடைசியில் கால்பந்து நடுவர். முதல் வேலைக்குச் சம்பளம், இரண்டாவது வேலைக்கு மரியாதை. கல்யாணமான புதிதில் ஒரு இறுதி ஆட்டத்தில் என் சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிய மகான் இவர். கோலுக்குள் போக இருந்த பந்தைத் தம்பி கையால் தட்டிவிட்டதை, இவரைத் தவிர மைதானத்தில் ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெகு காலம் தம்பி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

"ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டிருந்தா என்ன மாப்பிள்ளை, குடியா முழுகிப்போயிடும்?" என்று என் அம்மா கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிறதுக்கு மைதானத்துக்கு எதுக்கு அத்தை போகணும்? வீட்டுலயே படுத்துக்கலாமே" என்றார்.

நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆனால் உள்ளுக்குள் பெருமை பொங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறேன். நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருத்திக்கும் புருவம் எடுத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்வேன். முகத்தில் கிரீம் காய்ந்து வாயைத் திறக்க முடியாமல் கிடப்பவர்களிடம் புருஷன் பெருமையை அடித்துவிடுவது ரொம்பச் சுலபம். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கையில் கட்டைவிரல் மட்டும் ஆடியது. அப்புறம் நடை சுருங்கியது. கதவு நிலையைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு மட்டும் போவேன் என்று முன்னால் சாயும். குரலும் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் மைதானத்தின் இந்தக் கோடியில் அதட்டினால் அந்தக் கோடியில் இருக்கிறவன் நிற்பான். இப்போது வாய்ப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். அதுவும் என் காதுக்குத்தான் பிடிபடும். அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்படியே சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். "இவன் எப்ப கிளம்புவான்?" என்று அவர் முணுமுணுத்தால், "டீ குடிச்சுட்டுப் போகச் சொல்றார்" என்பேன். இப்படித்தான் எங்கள் சொந்தபந்தம் இன்னும் உடையாமல் இருக்கிறது.

மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அது வேலை செய்கிற வரை மனிதர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் மரக்கட்டை. இந்தக் கூத்து பழகிக்கொண்டிருந்தபோதே இன்னொன்று சேர்ந்தது. உட்கார்ந்தவர் எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ ஆரம்பித்தார். ஒரு நாள் என் தலைச்சாயத் தட்டு மேலேயே விழுந்தார். காது வரைக்கும் கறுப்பாகி எழுந்து உட்கார்ந்து, "ரொம்ப நாளா டை அடிச்சுக்கணும்னு நெனச்சேன்" என்றார். நானும் சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இந்த மயக்கத்துக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எதையும் பொறுமையாக விளக்குகிறவர்.

"சார், நீங்க இப்ப சாப்பிடுற மாத்திரை டோபமினா மாறுது. அதனாலதான் கை கால் அசையுது. இந்தப் புது காப்ஸ்யூல் நோர்அட்ரினலினா மாறும். அது ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். எழுந்து நின்னா மயக்கம் வராது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டையும் மாத்துறது உடம்புல இருக்கிற ஒரே நொதிதான்."

"நொதின்னா?" என்று கேட்டேன்.

"அடுப்புன்னு வச்சுக்குங்கம்மா. இருக்கிறது ஒரே அடுப்பு. புதுசா ஒரு பாத்திரத்தை ஏத்தினா பழைய பாத்திரம் வேகாமப் போயிடுமா, இல்ல அதுக்கும் நல்லா சூடு கிடைக்குமா? இந்த மருந்தால மூளையில டோபமின் கூடுதா, குறையுதா, அப்படியேதான் இருக்குதா? இதுதான் கேள்வி."

"மண்டைக்குள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டோபமின் வேலையை முடிச்சு உடைஞ்சப்புறம் ஒரு மிச்சம் இருக்கும். அது முதுகுத்தண்டு நீர்ல வந்து சேரும். இடுப்புல ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்து அளந்தா தெரிஞ்சுடும். மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுப்போம். கொஞ்ச வாரம் சாப்பிட்டப்புறம் இன்னொரு தடவை. ஒண்ணே ஒண்ணுதான் கண்டிஷன். ரெண்டு தடவையும் முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து பழைய மாத்திரையைத் தொடக் கூடாது. தொட்டா, அந்த மிச்சம் பழைய மாத்திரையால வந்ததா, புது மருந்தால வந்ததான்னு பிரிக்க முடியாது. மொத்தமும் வீண்."

இவர் என் காதில் ஏதோ சொன்னார்.

"ரூல்னா ரூல்தானாம் டாக்டர்" என்றேன். அன்றைக்கு ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையிருக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இவர் நடுவராக இருந்தவர் என்று நான்தான் முதல் நாளே அளந்துவிட்டிருந்தேனே.

முதல் ஊசிக்கு முந்தின நாளே வார்டில் சேர்ந்துவிட்டோம். பக்கத்துக் கட்டிலில் தையல்காரம்மா ஒருத்தி. அவளுக்கும் இதே வியாதி, இதே ஆராய்ச்சி. மருமகள் துணைக்கு வந்திருந்தாள். காலையில் இரண்டு பேரும் மாத்திரை இல்லாமல் விறைத்துக் கிடந்தார்கள். நர்ஸ் வந்து இவரை ஊசி போடுகிற அறைக்கு நடத்திக்கொண்டு போனாள். வார்டின் வாசலில் வழக்கம்போல் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் தள்ளுவண்டி, சாப்பாட்டு டிராலி, பார்க்க வந்த கூட்டம் எல்லாம் வழிக்காக நின்றன. நர்ஸ் "வாங்க சார், வாங்க சார்" என்றாள். இவர் அசைய முயற்சி செய்து, செய்து, கடைசியில் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டார். தரையில் ஓடிய ஈரம் யாரோ ஒரு பையனின் செருப்பைத் தொட்டது. அவன் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

"அம்மா, ஒரு துவாலை எடுத்துட்டு வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

இவர் மெல்லத் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பையில் துவாலையைத் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். தையல்காரம்மாவின் மருமகள்தான் ஓடிப்போய் அவள் வைத்திருந்த துணியைக் கொடுத்தாள்.

அதன்பின் புது மருந்தை ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, மயக்கம் நின்றது. எழுந்தால் எழுந்தபடி நின்றார். தெருமுனை வரைக்கும் போய்ப் பால் வாங்கி வந்தார். பார்லருக்கு வருகிறவர்கள், "என்னக்கா, விசில் மறுபடி மைதானத்துல இறங்கிடுவார் போல" என்று கிண்டல் செய்தார்கள். எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

இரண்டாவது ஊசிக்கு மறுபடியும் வார்டு, மறுபடியும் தையல்காரம்மா பக்கத்துக் கட்டில். அன்று காலையில் முதல் ஆளாக எழுந்துவிட்டேன். துவாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் நடந்தது வேறு. இவர் நர்ஸின் கையைக்கூடப் பிடிக்காமல் எழுந்தார். வார்டு வாசலை அநாயாசமாகத் தாண்டிப் போனார். தையல்காரம்மா விறைத்த கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் உருட்டி ஆச்சரியப்பட்டாள். "புது மருந்துன்னா இதுதான்" என்று அவள் மருமகள் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவர் காலே தரையில் பாவவில்லை.

"சார், உங்க ரிசல்ட் பிரமாதம்! டோபமின் உடைஞ்ச மிச்சம் முன்னாடி இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருக்கு. நோர்அட்ரினலினா மாற வேண்டிய மருந்து மூளையில டோபமின் வேலையையும் சேர்த்துக் கூட்டுது. மத்தவங்களுக்கு இவ்வளவு இல்ல, தையல்காரம்மாவுக்குக்கூட லேசாத்தான். ஆனா உங்களை மாதிரி ரூலைச் சரியாக் கடைப்பிடிச்சவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? அதனால உங்க கணக்கைத்தான் நான் நம்பறேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று டாக்டரம்மா நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

"டோபமின் இப்படிக் கூடுதுன்னா பழைய மாத்திரை முழுசா எதுக்கு? அதைக் கூடுதலாச் சாப்பிட்டாத்தான் பின்னாடி கை கால் முறுக்குறது, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறதெல்லாம் வருது. நாளையிலேர்ந்து பாதியாக்கிடலாம். முதல்ல சாருக்கு. சாருக்குச் சரியா இருந்தா அடுத்தது தையல்காரம்மாவுக்கு. அப்புறம் மத்தவங்களுக்கு."

பாதியானதும் வீட்டில் எல்லாமே பாதியானது. கரண்டி தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பேப்பரின் ஒரு பக்கத்தைத் திருப்ப ஒரு யுகம் ஆனது. டோபமின் பல மடங்கு ஏறிய மனிதர் ஏன் இப்படிக் கிடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டருக்குப் போன் போடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

ஒரு நாள் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று கூட்டைத் திறந்தேன். துடைக்கிற துணிக்கு அடியில் மாத்திரை அட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு இருந்தது. ஒரே ஒரு மாத்திரைக்கான குழி, காலியாக. வெட்டின ஓரம் பிறை மாதிரி வளைந்திருந்தது. வீட்டில் வளைந்த முனையுள்ள கத்தரி ஒன்றுதான் உண்டு. பார்லரில் புருவ முடி திருத்த நான் வைத்திருப்பது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கண்ணாடிக் கூடு அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். நர்ஸ் எங்கள் பையிலிருந்த மாத்திரைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர, கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? விசிலை யார் சோதனை போடுவார்கள்?

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. திருடியது நானே என்பது மாதிரி அந்தத் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க இது?"

விரலைப் பிரித்துக் காட்டியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தெரியுதுல்ல" என்றார்.

"ரெண்டாவது ஊசி அன்னிக்குக் காலையிலயா?"

தலையை ஆட்டினார்.

"அப்ப அந்த ஏறுன கணக்கெல்லாம் இந்த மாத்திரையா? புது மருந்து இல்லையா?"

மறுபடியும் தலையாட்டல்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

குடைந்து குடைந்து கேட்டேன். சுவரைப் பார்த்தார். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். சொல்லலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தச் 'சொல்லலாம்' அப்படியே கிடந்தது. போனை எடுத்துக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "நான் பாதி மாத்திரையிலயே இருந்துடறேன். எனக்கு அது தண்டனையா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "உங்களுக்கு நீங்களே கார்டு காட்டிக்கிட்டாப் போதுமா? அந்தத் தையல்காரம்மா என்ன ஃபவுல் பண்ணுச்சு? அடுத்தது அதுக்குப் பாதியாக்கப் போறாங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அடிக்க எனக்கும் மனசு வரவில்லை. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்லர் நாற்காலியில் யாராவது, "விசில் எப்படி இருக்கார்க்கா?" என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் நான் வாய் கிழியச் சொன்ன கதையெல்லாம் என் முகத்துக்கே திரும்பி வந்து காறித் துப்புவது போல் இருந்தது. என் மானத்துக்கும் சேர்த்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுபரிசோதனை நாளன்று காத்திருக்கும் கூடத்தில் தையல்காரம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் போலிருக்கிறது. மருமகளின் ரவிக்கையில் பிரிந்திருந்த ஓரத்தைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னிக்குப் பாதியாக்கப் போறாங்களாம்" என்று சொன்னாள். "பயமாத்தான் இருக்கு. மெஷின்ல உட்காரும்போதுதான் எனக்கு நான் ஆளுன்னு தோணும். மத்த நேரமெல்லாம் மூலையில சாத்தி வச்ச பொருள் மாதிரி." பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. பாதி போதுமா? நீங்க சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பிடுவேன்."

இவர் தரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன்.

"டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கச் சொல்லு" என்றார்.

அதை அவளிடம் சொல்வதற்குள் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஊசியில் நூலைக் கோர்த்தாள். ஒரே குத்தில் கோர்த்துவிட்டாள்.

உள்ளே டாக்டரம்மாவோடு இரண்டு இளம் டாக்டர்களும் நர்ஸும் இருந்தார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "கொஞ்சம் இறுக்கம் இருக்கே... பரவாயில்ல, பழகிடும். தையல்காரம்மாவையும் இங்கயே கூப்பிடுங்க. அவங்களுக்கும் எழுதிடலாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

நர்ஸ் கதவுப்பிடியில் கை வைத்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது ஊசி அன்னிக்குக் காலையில நான்தான் அவருக்குப் பழைய மாத்திரையைக் குடுத்தேன், டாக்டர். விறைச்சுக் கிடந்தாரு, பார்க்க மனசு கேட்கல. யாருக்கும் தெரியாமக் குடுத்துட்டேன். அந்தம்மாவுக்குப் பாதியாக்காதீங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அந்தப் பொறுமையான முகம் அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதாம்மா? இந்தக் கணக்கை நம்பி ஒருத்தருக்கு மருந்தைக் குறைச்சாச்சு. இன்னும் எத்தனை பேருக்குக் குறைச்சிருப்பேன்! எல்லாரும் விழுந்து எலும்பை உடைச்சுக்கிட்டிருந்தா யார் பொறுப்பு? முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ரூல்னா ரூல்னு உங்க வாயாலதானே சொன்னீங்க? சாரை மாதிரி ஒருத்தரோட இத்தனை வருஷம் வாழ்ந்துட்டு உங்களுக்கு இப்படிச் செய்யத் தோணிச்சா?"

இளம் டாக்டர்களில் ஒருத்தன் சங்கடமாக ஜன்னலைப் பார்த்தான். நர்ஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூனிக் குறுகி நின்றேன். ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாத தப்புக்குப் பெண்டாட்டி கண் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள், இந்த மனிதரிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. இந்த ஆளையா இத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்? அந்தக் கணத்தில் எனக்கு அவர் மேல் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். பக்கத்தில் நிற்கவே வெட்கம்.

"உங்களை நம்பி இனிமே சாரை இந்த ஆராய்ச்சியில வச்சுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "புது மருந்தையும் நிறுத்தியாகணும். சாருக்காகத்தான் வருத்தமா இருக்கு. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அவ குடுக்கல."

எனக்கு மட்டும்தான் கேட்டது. டாக்டரம்மா தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். கேட்காத மாதிரி இருந்துவிடலாம் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். மெல்ல, மெல்ல, முழு உயரத்துக்கும் எழுந்து நின்றார். டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார்.

"என்னம்மா சொல்றார்?"

"நான் குடுக்கலைன்னு சொல்றார்."

"அப்ப?"

அவர் உதட்டுக்குப் பக்கத்தில் போனேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நானே எடுத்தேன், நானே ஒளிச்சு வச்சேன், நானே முழுங்கினேன். அதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

டாக்டரம்மா கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். "ஏன் சார்? உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்திருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே? ஊசியே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே."

வீட்டில் எத்தனை தடவை கேட்டும் எனக்குச் சொல்லாத பதிலை அங்கே சொன்னார். என் காதில்தான் சொன்னார், வேறு வழியில்லை.

"மொதத் தடவை வாசல்ல நனைச்சுட்டேன்ல. அப்ப இவ துவாலை தேடுனா. துவாலை பையில மேலயேதான் இருந்துச்சு, வீட்டுலேர்ந்து கிளம்பும்போது நானே எடுத்து வச்சது. இவ தேடலை. எனக்கு யாரோ மாதிரி நின்னா. ஊர் சிரிச்சது எனக்குப் பெருசா தெரியல. இவ மொகம் இன்னொரு தடவை அப்படிப் போறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

"என்ன சொல்றாரும்மா?" என்றார் டாக்டரம்மா.

"பயந்துட்டாராம், டாக்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது நடுக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும். மறுபடியும் மூச்சை இழுத்து, அதே வார்த்தைகளை, அதே வரிசையில், முதலிலிருந்து என் காதில் சொல்ல ஆரம்பித்தார். திட்டவில்லை. குரலில் குற்றம்சாட்டுகிற தொனிகூட இல்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

சொன்னேன். துவாலை மேலேயே இருந்தது என்பதையும் சொன்னேன், நான் தேடவில்லை என்பதையும் சொன்னேன். யாரோ மாதிரி நின்றேன் என்று சொல்லும்போது நர்ஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று வார்டில் அவளும் இருந்தாளே. எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. முகம் எரிந்தது. ஊரார் முகத்தையெல்லாம் திருத்துகிறவளுக்கு அன்றைக்குத் தன் முகத்தை எங்கே திருப்பி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு நர்ஸிடம், தையல்காரம்மாவுக்குப் பழைய அளவே தொடரட்டும், இவருக்கும் இன்றைக்கே முழு மாத்திரை என்றார். தன் பெரிய கண்டுபிடிப்பு கையைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவரை மெல்ல உட்கார வைத்தார்.

"சார், புது மருந்தை நிறுத்தல. ஆனா அந்த ஊசி செல்லாது. உண்மையில டோபமின் கூடுதா, குறையுதா, அப்படியே இருக்குதான்னு எனக்கு இன்னும் தெரியாது. இன்னொரு தடவை மாத்திரை இல்லாம வர முடியுமா? முடியாதுன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் உடனே தலையாட்டினார். டாக்டரம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இவர் மறுபடி என் பக்கம் சாய்ந்தார். நான் குனிந்தேன். இந்தத் தடவை சின்ன வாக்கியம்தான். பரிவாகத்தான் சொன்னார். எனக்குக் கஷ்டம் வேண்டாம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"என்னம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வரேன்னு சொல்றார்" என்றேன். "நான் கூட வர வேண்டாமாம்."

ஒரு வார்த்தையும் மாற்றாமல்தான் சொன்னேன்.